தேங்காயெண்ணெயும் பிளேட்லெட்டும்

குளிர் வந்தாச்சு மக்களே. அம்மா கட்டிக் கொடுத்த தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள்ள வெள்ளைக் கல்லா உக்காந்திருக்கு. சுமார் 24 டிகிரிக்குக் கீழ போனா அது அப்படித்தான். சுடுதண்ணியில பாட்டிலை வச்சிட்டுக் காத்திருந்தப்போ வகுப்பில் படித்த ஒரு கதை ஞாபகம் வந்தது. இதே மாதிரி உறைதல் ரத்த வங்கிகளை ஏமாற்றிய கதை.

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வுக்கும் அடிப்படை கொழுப்புதான். 1925ல் ஹாலந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் பரப்பினார்கள். அணுக்களின் பரப்பைப் போல இரண்டு மடங்கு இடம் பிடித்தது. ஆக, சவ்வு இரண்டு அடுக்கு! அவங்க கணக்கில் இரண்டு தப்பு இருந்தது, ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டது என்பது தனிக் கூத்து :-)

இந்த அடுக்கு உடம்புச் சூட்டில் நெகிழ்ந்து ஓடும். குளிர்ந்தால் கொழுப்பின் வால்கள் விறைத்து, நெருங்கி, இறுகிப்போகும்.

இனி பிளேட்லெட். 1960களில் அதை 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வைப்பது சாதாரணம். பாலும் மருந்தும் அப்படித்தானே கெடாமல் இருக்கு? 1969ல் அமெரிக்காவில் ஸ்காட் மர்ஃபி, ஃபிராங்க் கார்ட்னர் இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜில் இருந்தவை உடம்பில் ஏற்றியதும் சீக்கிரமே காணாமல் போயின. 22 டிகிரியில் வெளியே இருந்தவைதான் தாக்குப்பிடித்தன.

ஏன்? 1996ல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஃபெர்ன் டாப்ளின், ஜான் க்ரோ குழு காட்டியது இது: பிளேட்லெட்டின் சவ்வு 15 டிகிரி வாக்கில் இறுகுகிறது. அதே சூட்டில்தான் தட்டையான பிளேட்லெட், காயம் பட்டதாக நினைத்து உருவம் மாறுகிறது. குளிர்ந்தவற்றின் மேல் சில புரதங்கள் கும்பலாகச் சேர, கல்லீரலின் துப்புரவு செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன என்று 2003ல் தெரிந்தது. என் எண்ணெய் உருகிடுச்சு. நெடுநேரம் குளிர்ந்த பிளேட்லெட் பழையபடி ஆகாது.

வெளியே வைத்தால் பாக்டீரியா வளரும். அமெரிக்காவில் 1984ல் 7 நாள் வரை வைக்கலாம் என்றார்கள். தொற்றுக்குப் பயந்து 1986ல் மறுபடி 5 ஆக்கினார்கள். சிவப்பணு ஃப்ரிட்ஜில் 42 நாள் தாங்கும். பிளேட்லெட்டுக்கு இன்றும் 5 முதல் 7 நாள்தான். உடனடி ரத்தப்போக்கை நிறுத்த மட்டும் இப்போது சில இடங்களில் குளிரவைத்ததையும் ஏற்றுகிறார்கள்.

ஊரில் டெங்கு வந்தப்போ மாமா பையனுக்கு பிளேட்லெட் தேடி போன் மேல் போன். "இதையெல்லாம் முன்னாடியே வாங்கி ஃப்ரிட்ஜில வச்சிருக்க மாட்டாங்களா?"ன்னு நானும் கத்தினேன். படிக்கிறது உயிர்வேதியியல்! நல்லவேளை, யாரோ முகம் தெரியாத ஒருத்தர் அன்னிக்கே வந்து கொடுத்தார், பையன் பிழைச்சான்.

சேர்த்து வைக்க முடியாத சரக்கு. இந்த வாரம் யாராவது கொடுத்தால்தான் அடுத்த வாரம் இருக்கும். இங்கே பக்கத்து மையத்தில் சனிக்கிழமைக்குப் பேர் கொடுத்திருக்கேன். ஊசின்னா பயம்தான், பார்ப்போம்.