மூலையில்லாத கூடமும் ஒரு பெண்மணியும்

குத்துச்சண்டை வரலாறு என்றதும் பலருக்கும் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயர் கார்டனே நினைவுக்கு வரும். என் மனதைக் கவர்ந்ததோ, இலண்டன் பிளாக்பிரையர்ஸ் வீதியில் இருந்து மறைந்துபோன ‘த றிங்’ என்னும் கூடம். ஆண்களின் கோட்டையாக இருந்த இத்தொழிலில், அதனை 20 ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர் ஒரு பெண்மணி.

அக்கட்டடம் 1783 இல் திறக்கப்பட்ட சறே தேவாலயம். அங்கு போதித்தவர் ரோலண்ட் ஹில். (தபால் முத்திரைப் புகழ் ரோலண்ட் ஹில் வேறொருவர்.) அது எண்கோண வடிவிலானது. சாத்தான் ஒளிந்துகொள்ள மூலை இருக்கலாகாது என்றே அவ்வடிவத்தை ஹில் விரும்பினார் என்பது செவிவழிக் கதை. 1881 இல் வழிபாடு நின்றபின் அது பண்டசாலையாயிற்று.

1910 இல் டிக் பேர்ஜ் அதனைக் குத்துச்சண்டைக் கூடமாக்கினார். இவர் முன்னாள் வீரர். வங்கி மோசடி வழக்கொன்றில் 1902 இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு மீண்டவர். அந்நாளில் கொவென்ற் கார்டனிலிருந்த நாஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் கனவான்களுக்குரியது. சண்டை நடக்கையில் அங்கே பார்வையாளர் மௌனம் காக்கவேண்டும். பேர்ஜின் கூடமோ தென் இலண்டன் தொழிலாளருக்குரியது. அவர்கள் குறைந்த கட்டணத்தில் புகுந்து, தொண்டை கிழியக் கத்தினர்.

1918 இல் டிக் காலமானார். முன்பு மியூசிக் ஹால் மேடைகளில் தோன்றியவரான மனைவி பெல்லா பொறுப்பை ஏற்றார். பெண்கள் குத்துச்சண்டை பார்ப்பதே தகாதெனக் கருதப்பட்ட காலம் அது. அவரோ போட்டிகளை ஒழுங்கு செய்தார். வீரர்களுக்குக் கூலி கொடுத்தார். வறிய இளைஞர் பலருக்கு அக்கூலியே வாழ்வாதாரம். 1930களின் பிற்பகுதியில் ரொபேர்ட் அற்கின்ஸ் அங்கு ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் மேடையேற்றினார்.

1940 இல் ஜேர்மனியக் குண்டுவீச்சு அனைத்தையும் முடித்துவைத்தது. பின்னாளில் அவ்விடத்தில் எழுந்த அலுவலகக் கட்டடத்துக்குப் ‘பலெஸ்ட்ரா’ என்று பெயரிட்டனர். பண்டைய கிரேக்கரின் மற்போர்ப் பயிற்சிக்கூடத்தைக் குறிக்கும் சொல் அது.

பெயர் பொருத்தமானதே. ஆயினும் பெல்லாவின் கதையில் ஒரு முரண் எஞ்சுகிறது. கூடத்தை நடத்தப் பெண்ணால் முடிந்தது. கையுறை அணிந்து தொழில்முறையில் மோத முடியவில்லை. பிரித்தானியக் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டுச் சபைக்கு எதிராக ஜேன் கவுச் என்ற வீராங்கனை வழக்காடி வென்று, அனுமதிப்பத்திரம் பெற்றது 1998 இல். 1962 இல் மறைந்த பெல்லா அதனைக் காணவில்லை.