யன்னலைச் சாத்தினால் போதுமா? கேட்கும் அறைகளின் ஒரு சிறு வரலாறு

சத்தத்துக்கு வரலாறு எழுதுவது கஷ்டம். கட்டடம் இடிந்தால் அத்திவாரமாவது மிஞ்சும், கடிதம் கிழிந்தால் துண்டாவது மிஞ்சும். சத்தம் அப்படி ஒன்றையும் விட்டுவைக்காது. அதால வரலாற்றுக்காரர் சத்தத்தைத் தேடும்போது, மனிசர் சத்தத்தோட சண்டை பிடிச்ச இடங்களைத்தான் முதலில் பார்க்கினம்: முறைப்பாடுகள், சட்டங்கள், தடிச்ச சுவர்கள். இந்தக் கட்டுரை அப்படியான ஒரு சின்ன இடத்தைப் பற்றியது. யன்னல்.

அமைதியாக எழுத, பாட்டுக் கேட்க, ஒரு குரலைப் பதிவு செய்ய என்று ஒரு அறையைத் தேடுகிற எவருக்கும் யன்னல் இரண்டு விதமாகத் தலையிடி தரும். ஒன்று, வெளிச்சத்தம் அதன் வழியாக உள்ளே வரும், உள்ளே போடுற பாட்டு வெளியே போகும். மற்றது, கண்ணாடியில் பட்டு அறைக்குள்ளேயே சத்தம் திரும்பி வரும். இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் நாங்கள் தடிச்ச சேலையை யன்னலில் தொங்கவிட்டு ரோட்டுச் சத்தம் குறையும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த இரண்டையும் பிரித்து விளங்கிக்கொள்ள உலகத்துக்கே கனகாலம் எடுத்தது.

கார்லைலின் அமைதி அறை

எழுத்தாளர் தோமஸ் கார்லைல் 1834இல் லண்டன் செல்சியில் செய்னி றோ என்ற தெருவுக்குக் குடிவந்தார். பக்கத்து வீட்டில் சேவல்கள், இன்னொரு பக்கம் பியானோ, தெருவில் கைப்பிடி சுத்தி வாசிக்கிற ஓர்கன்காரர், தூரத்தில் றெயில் விசில். மனிசனால் எழுத முடியவில்லை. 1853இல் வீட்டின் உச்சியில் ஒரு அறை கட்டத் தொடங்கினார்கள். இரட்டைச் சுவர், கூரைக்குள் காற்றறை, பக்கச் சுவர்களில் யன்னல் கிடையாது. வெளிச்சம் மட்டும் வேணும்தானே? அதுக்குக் கூரையில் ஒரு கண்ணாடி யன்னல் வைத்தார்கள்.

வேலை நடந்த நாட்களில் கார்லைல் நண்பர்களின் நாட்டுப்புற வீடுகளுக்குப் போய்விட, மேசன்மாரோடு நின்று மாரடித்தது அவருடைய மனைவி ஜேன். சேவல்களைப் பற்றி அயலட்டையோடு பேச்சுவார்த்தை நடத்தினதும் அவர்தான். கடைசியில் அறை முடிந்தது, ஆனால் சரிவரவில்லை. கிட்டச் சத்தங்கள் கொஞ்சம் அடங்கினதும், முன்னம் காதில் விழாத தூரத்துச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. மணியோசை, றெயில் விசில், ஆற்றில் போற கப்பல். வீட்டிலேயே கூடச் சத்தமான அறை இந்த அமைதி அறைதான் என்று ஜேன் எழுதிவைத்திருக்கிறார். இருந்தும் பிரஷ்ய அரசன் ஃபிரெடரிக் பற்றிய ஆறு தொகுதிகளை அந்த அறைக்குள் இருந்துதான் கார்லைல் எழுதி முடித்தார். பிறகு அது வீட்டு வேலைக்காரப் பெண் படுக்கிற அறையாக மாறியது. எழுத்தாளருக்குச் சத்தமாக இருந்த இடம் வேலைக்காரிக்குக் காணும் என்று ஆகிவிட்டது.

இன்றைய கணக்கில் பார்த்தால் இரட்டைச் சுவர் ஏன் காப்பாற்றவில்லை என்று விளங்கும். நல்ல தடிச்ச செங்கல் சுவர் ஏறத்தாழ 50 டெசிபல் சத்தத்தைத் தடுக்கும் என்று வைப்போம். மெல்லிய ஒற்றைக் கண்ணாடி 25 டெசிபல் தடுக்கும். சுவரின் பத்தில் ஒரு பங்கு கண்ணாடி என்றால் மொத்தத் தடுப்பு 45க்கோ 48க்கோ வராது. 35 டெசிபலுக்கு விழுந்துவிடும். ஒரு அறையின் அமைதியைத் தீர்மானிப்பது அதன் பலமான பகுதி இல்லை, பலவீனமான பகுதி. ஓட்டைப் பானையில் மற்றப் பக்கம் எவ்வளவு தடிப்பாக இருந்தும் என்ன?

சுவரால் முடியாததைச் சட்டத்தால் செய்யப் பார்த்ததும் இதே காலம்தான். மைக்கல் பாஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தெருப் பாட்டுக்காரரைக் கட்டுப்படுத்தும் சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது டிக்கன்ஸ், டெனிசன், கார்லைல் எல்லாரும் ஆதரித்துக் கையெழுத்து வைத்தார்கள். 1864இல் அது சட்டமானது. தன்ர வேலைக்கு இடைஞ்சல் என்று வீட்டுக்காரர் சொன்னால் பொலிஸ் பாட்டுக்காரரைத் துரத்தலாம். அந்தப் பாட்டுக்காரரில் கனபேர் இத்தாலியில் இருந்து பிழைக்க வந்த ஏழைகள். வீட்டுக்குள் இருந்து எழுதுகிறவரின் வேலை வேலையாகவும், தெருவில் நின்று வாசிக்கிறவரின் வேலை தொல்லையாகவும் எழுதப்பட்ட சட்டம் அது. யன்னலுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சத்தம் என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது.

சபீனின் மெத்தைகளும் திறந்த யன்னலும்

1895இல் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஃபொக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. அதன் விரிவுரை மண்டபத்தில் பேச்சு ஒன்றும் விளங்காது. ஒரு சொல் சொன்னால் அது அஞ்சரைச் செக்கனுக்கு மேல் மண்டபத்துக்குள் சுற்றிக்கொண்டு நிற்கும். அதுக்குள் அடுத்த பத்துப் பதினைஞ்சு சொல் வந்து ஒன்றுக்கு மேல ஒன்று விழும். இதைச் சரிப்படுத்தச் சொல்லி, வொலஸ் கிளெமென்ட் சபீன் என்ற இளம் பௌதிகவியல் ஆசிரியரிடம் பல்கலைக்கழகத் தலைவர் பொறுப்புக் கொடுத்தார். சபீனுக்கு அப்போது 27 வயது.

சபீன் பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து மண்டபத்தில் பரப்பினார். ஓர்கன் குழாய் ஒன்றை ஊதவிட்டு நிற்பாட்டி, சத்தம் காதுக்கு முற்றாக மறையும்வரை நேரம் எடுத்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. எல்லா மெத்தையும் போட்டபோது ஒரு செக்கனுக்குச் சற்று மேல் வந்து நின்றது. பகலில் வாகனமும் ஆள் நடமாட்டமும் என்பதால், இந்த வேலை எல்லாம் நடுச்சாமத்துக்குப் பிறகு. தான் போட்டிருக்கிற உடுப்பும் சத்தத்தை உறிஞ்சுகிறது என்று கண்டுபிடித்து, அதுவரை எடுத்த ஆயிரக்கணக்கான அளவீடுகளைத் தூக்கி எறிந்தாராம். அதுக்குப் பிறகு ஒவ்வொரு இரவும் ஒரே உடுப்பு. எங்கட பல்கலைக்கழகங்களில் ஆய்வு முறையியல் படிப்பிக்கிறவர்கள் சொல்ல வேண்டிய கதை இது.

ஆனால் சாண்டர்ஸ் அரங்கின் மெத்தை உலகம் முழுக்கக் கிடையாது. வேறு ஊரில் இருக்கிற ஒருவர் இந்த அளவைப் பயன்படுத்த வேண்டும் என்றால் எல்லாருக்கும் பொதுவான ஒரு அலகு வேணும். சபீன் தெரிந்தெடுத்தது திறந்த யன்னலை. திறந்த யன்னலில் போய்ச் சேர்ந்த சத்தம் திரும்பி வராது, முழுவதும் வெளியே போய்விடும். ஆகவே அறைக்குள் நிற்கிறவருக்கு அதைப்போல முழுமையாகச் சத்தத்தை உறிஞ்சுகிற பொருள் வேறு இல்லை. இவ்வளவு மெத்தை இவ்வளவு பரப்புத் திறந்த யன்னலுக்குச் சமம் என்று அவர் கணக்கு எழுதினார். பின்னாளில் அந்த அலகுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கார்லைலுக்கு யன்னல் எதிரி, சபீனுக்கு அதே யன்னல் அளவுகோல். இரண்டுபேரும் சரி. எதிரொலியை அடக்குகிற விடயத்தில் திறந்த யன்னலுக்கு முழுப் புள்ளி, வெளிச்சத்தத்தைத் தடுக்கிற விடயத்தில் அதுக்கு முட்டை. உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. இது விளங்கினால் தொங்கவிட்ட சேலையின் கதையும் விளங்கும். துணியும் தக்கையும் பஞ்சும் அறைக்குள் திரும்பி வாற சத்தத்தைக் குறைக்கும். வெளிச்சத்தத்தை மறிக்கப் பாரம் வேணும், கீறல் இல்லாத மூடல் வேணும். எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் 1910இல் பாரிஸில் தன்ர படுக்கையறைச் சுவர் முழுக்கத் தக்கை ஒட்டினார். அங்கே வெளிச்சத்தத்தை மறிச்சதில் பெரிய பங்கு, எப்பவும் சாத்தியே கிடந்த யன்னலுக்குத்தான் இருந்திருக்கும்.

யன்னலில் ஆக்களை இருத்துதல்

சபீனின் கணக்கை நம்பிக் கட்டிய பொஸ்டன் சிம்ஃபனி மண்டபம் 1900 ஒக்டோபரில் திறந்தது. இசை மண்டபத்தின் இரண்டு பக்கத்திலும் நடைபாதைகள் ஓடுகின்றன. தெருச் சத்தம் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

1932இல் லண்டனில் திறந்த பிபிசி ஒலிபரப்பு மாளிகை இதே யோசனையை இன்னும் தூரம் கொண்டுபோனது. கட்டடத்தின் நடுவில் யன்னலே இல்லாத செங்கல் கோபுரம், அதுக்குள் ஒலிப்பதிவுக்கூடங்கள். சுற்றிவர அலுவலக அறைகள். யன்னலும் வெளிச்சமும் தெருச் சத்தமும் அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கு. அவர்களின் அறைகளே ஒலிப்பதிவுக்குக் கவசம். இவ்வளவும் செய்தும் நிலத்துக்குக் கீழே ஓடுகிற பேக்கர்லூ றெயிலின் உறுமல் அடியால் ஏறி வந்தது.

எமிலி தொம்சன் 2002இல் எழுதிய ‘தி சவுண்ட்ஸ்கேப் ஒஃப் மொடர்னிட்டி’ என்ற நூல் அமெரிக்காவில் இந்தக் காலத்தைப் பற்றியது. அவருடைய வாதத்தின் சாரம்: அறையின் சொந்த ஒலி மெல்ல மெல்ல ஒரு குறையாக, இரைச்சலாகப் பார்க்கப்பட்டது. எந்த இடத்தில் எடுத்தாலும் ஒரேமாதிரி இருக்கிற சுத்தமான ஒலி நல்ல ஒலியானது. யன்னல் இல்லாத கோபுரத்தை நான் அந்த வாதத்தோடு சேர்த்துத்தான் வாசிக்கிறேன். இடத்தை ஒலியில் இருந்து கழட்டி எடுக்க வேண்டும் என்றால் முதலில் கழட்ட வேண்டியது யன்னலை.

இரண்டு கண்ணாடி, இரண்டு வேலை

ஆனால் ஒலிப்பதிவுக்கூடத்தில் பாடகரையும் பொறியியலாளரையும் பிரிக்கிற சுவரில் யன்னல் இல்லாமல் முடியாது. ஆளை ஆள் பார்க்க வேண்டும். அங்கேதான் கண்ணாடியை ஒழுங்காகப் படித்தார்கள். இரண்டு கண்ணாடி, இரண்டுக்கும் வேறு வேறு தடிப்பு, நடுவில் நல்ல இடைவெளி, ஓரத்தில் றப்பர். ஒவ்வொரு தடிப்புக்கும் சத்தம் லேசாகக் கடந்துபோகிற ஒரு சுரம் இருக்கிறது. 4 மில்லிமீற்றர் கண்ணாடிக்கு அது 3000 ஹேர்ட்ஸ் அளவில், 6 மில்லிமீற்றருக்கு 2000 அளவில். இரண்டும் ஒரே தடிப்பென்றால் இரண்டும் ஒரே இடத்தில் கைவிடும். இடைவெளியும் முக்கியம். 4 மில்லிமீற்றர்க் கண்ணாடி இரண்டை 12 மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்தால் இரண்டும் சேர்ந்து 245 ஹேர்ட்ஸ் அளவில் அதிரும். அது மனிசக் குரல் இருக்கிற இடம். இடைவெளியை 100 மில்லிமீற்றராக்கினால் அந்த அதிர்வு 85 ஹேர்ட்ஸுக்குக் கீழிறங்கும். ஒரு கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து வைக்கிறதையும் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதால் தடுப்புப் பெரிதாகக் கூடாது. பட்டுத் தெறிக்கிற ஒலியையும் வெளிச்சத்தையும் வேறு திசைக்கு அனுப்பத்தான் அந்தச் சாய்வு.

வீட்டில் பாட்டுக் கேட்கிறவருக்குத் தெறிப்பு பெரிய விடயமாக மாறியது 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்த பிறகு. ஒற்றை ஸ்பீக்கர் காலத்தில் இடது வலது என்ற கதையே இல்லை. இரண்டு ஸ்பீக்கர் வந்ததும், ஒரு பக்கம் கண்ணாடி, மற்றப் பக்கம் புத்தக அலுமாரி என்றால் பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் இழுபடுகிறார். கண்ணாடி எல்லாச் சுரத்தையும் ஒரேமாதிரி நடத்துவதும் இல்லை. சாதாரண யன்னல் கண்ணாடி 125 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், 4000 ஹேர்ட்ஸில் 4 வீதத்தைத்தான் எடுக்கும். அதாவது கீழ்ச்சுரம் கண்ணாடியை ஆட்டிக்கொண்டு அயல் வீட்டுக்குப் போகும், மேல்சுரம் கூர்மையாகத் திரும்பி எங்கட முகத்துக்கு வரும். தடிச்ச, மடிப்புள்ள திரைச்சேலை இரண்டாவதுக்கு மருந்து. முதலாவதுக்கு இல்லை.

எங்கட யன்னல்கள்

லண்டன் ஹீத்றோ விமான நிலையத்துக்குப் பக்கத்து வீடுகளுக்கு இரட்டை யன்னல் போட உதவிப்பணம் கொடுக்கச் சொல்லி 1963இல் வில்சன் குழு அரசாங்கத்துக்குப் பரிந்துரைத்தது. பிறகு வந்த திட்டத்தில் யன்னலோடு காற்றுக்கான விசிறிக் கருவியும் சேர்த்துக் கொடுத்தார்கள். யன்னலைச் சாத்தச் சொன்னால் மூச்சுவிட வழியும் காட்டத்தானே வேணும்.

குளிர்நாட்டிலேயே அப்படி என்றால் எங்கட நிலைமையை யோசித்துப் பாருங்கோ. எங்கட வீடுகள் காத்துக்காகக் கட்டின வீடுகள். கதவு நிலைக்கு மேல காற்றுத்துளை, மரச்சட்டம், கூரைக்கும் சுவருக்கும் இடையில் வெளி. சுவரில் நூறில் ஒரு பங்கு வெளியாக இருந்தாலே, மற்றது எவ்வளவு பலமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க ஏலாது. முழுக்கச் சாத்தினால் ஏசி வேணும், ஏசி என்றால் கரண்ட் பில். இங்கே அமைதிக்கு மாதாமாதம் காசு கட்ட வேண்டும்.

இது பாட்டுக் கேட்கிற ஆக்களின் சொகுசுப் பிரச்சினை மட்டும் இல்லை. எங்கட பீடத்தில் ஒவ்வொரு வருசமும் எத்தனையோ பேர் போனைத் தூக்கிக்கொண்டு போய் அம்மம்மாமாரின் கதையைப் பதிவு செய்கிறோம். இடப்பெயர்வு, முகாம், விட்டுவந்த வீடு. எழுத்தில் எங்கேயும் இல்லாத வரலாறு அது. எங்கட பட்ச்சில் ஒருத்தி எடுத்த பதிவில், அந்த அம்மா தான் முதன்முதலில் போய் இறங்கின ஊரின் பெயரைச் சொல்கிற இடத்தில் ஓட்டோ ஒன்று போகிறது. திரும்பக் கேட்க அந்த அம்மா இப்போது இல்லை. பிபிசிக்குக் கோபுரம் கட்டக் காசு இருந்தது. எங்களுக்கு இருப்பது ஒரு போனும் ஒரு திறந்த யன்னலும்தான்.

ஆனால் இந்த வரலாறு எங்களுக்கும் சிலதைத் தந்திருக்கிறது. வெளிச்சத்தத்தைத் தடுக்க ஏலாவிட்டால் குரலைக் கிட்டக் கொண்டுவரலாம். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், ஒரு மீற்றரில் இருந்து ஒரு சாணுக்குக் கிட்ட வந்தால் 12 டெசிபலுக்கு மேல். ஒற்றைச் சுவரும் கண்ணாடியும் உள்ள விறாந்தையை விட, மெத்தையும் உடுப்பும் நிறைந்த படுக்கையறை நல்லது. சாத்தின கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆளை இருத்த வேண்டாம். யன்னல் ரோட்டுப் பக்கம் என்றால், ரோட்டுக்கு முதுகு காட்டி நீங்கள் இருங்கோ, போனைக் கதைக்கிறவரின் பக்கம் திருப்பி வையுங்கோ. ஊர்ப்பெயர், ஆள்பெயர் வாற நேரம் ஏதும் சத்தம் கேட்டால் வெட்கப்படாமல் திரும்பச் சொல்லக் கேளுங்கோ. அப்படியும் உள்ளே வந்த சத்தங்களை அழிக்காமல், எது என்ன சத்தம், எத்தனை மணிக்கு வந்தது என்று குறிப்பில் எழுதிவையுங்கோ. காகமும் கோயில் மணியும் மீன்காரரின் ஹோர்னும் அந்த வீட்டின் வரலாறுதான். அதைப் பிறகு ஆரும் தேடுவினம்.