கூட்டணி ஆட்சியும் பற்றாக்குறைக் குறைப்பும்: மத்திய அரசின் அனுபவம், 1996–2014

பல கட்சிகள் சேர்ந்து நடத்தும் ஆட்சியால் செலவைக் கட்டுப்படுத்த முடியாது என்பது இந்திய நிதி விவாதங்களில் வேரூன்றிய கருத்து. தோழமைக் கட்சி ஒவ்வொன்றும் தன் பங்கைக் கேட்கும், கஜானா காலியாகும் என்பார்கள். 1996 முதல் 2014 வரையிலான மத்திய அரசின் கணக்குகளோடு ஒப்பிட்டால் இந்தக் கருத்து பாதிதான் தேறும். கடனுக்குக் கடிவாளம் போட்ட விதிகளில் பெரும்பாலானவை கூட்டணி ஆட்சிகளில்தான் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகளுக்காகச் செலவை வெட்ட நேர்ந்தபோது, வெட்டு எங்கே விழுந்தது என்பதைத்தான் ஆராய வேண்டும். தட்டிக்கேட்க ஆளில்லாத இடத்தில் விழுந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1996 ஜூனில் 13 கட்சிகளின் ஐக்கிய முன்னணி அமைந்தபோது, நிதிப் பற்றாக்குறையை நாட்டின் மொத்த உற்பத்தியில் 4 விழுக்காட்டுக்குக் கீழ் கொண்டுவருவோம் என்று அதன் பொதுச் செயல்திட்டம் உறுதியளித்தது. நிதியமைச்சர் ப. சிதம்பரம், மூப்பனார் தொடங்கிய தமிழ் மாநில காங்கிரஸைச் சேர்ந்தவர். அக்கட்சிக்கு மக்களவையில் 20 இடங்கள். இந்த ஆட்சியில்தான், 1997 ஏப்ரல் 1 அன்று, 1955 முதல் நிலவிய ஒரு பழக்கம் முடிவுக்கு வந்தது. அதுவரை அரசின் கையிருப்பு குறையும்போதெல்லாம் ரிசர்வ் வங்கி தற்காலிகக் கருவூல உண்டியல்களை ஏற்று, பணத்தைத் தானாகவே வழங்கிவந்தது. அதை நிறுத்த 1994 செப்டம்பரில், நரசிம்ம ராவ் காலத்தில், கையெழுத்தான ஒப்பந்தத்தைக் கூட்டணி அரசு மீறாமல் நிறைவேற்றியது. 1997 மே மாதம் மானியங்கள் பற்றிய விவாத அறிக்கையையும் நிதியமைச்சகம் வெளியிட்டது. மத்திய, மாநில அரசுகளின் மானியங்கள் 1994–95இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 14.4 விழுக்காடு என்றது அறிக்கை. அதன் பேரில் மானியம் எதுவும் பெரிதாகக் குறையவில்லை. ஐந்தாவது ஊதியக் குழுவின் சுமையும் சேர, 4 விழுக்காடு எட்டாக்கனியானது.

விதியை ஏற்றுக்கொண்டே மானியத்தைக் குறைக்க இயலாத இந்த முரண், அடுத்து வந்த வாஜ்பாயின் கூட்டணி ஆட்சியில் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 1998 பட்ஜெட்டில் நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா யூரியா விலையைக் கிலோவுக்கு ஒரு ரூபாய் உயர்த்தினார். எதிர்ப்புக் கிளம்பியதும் உயர்வு 50 காசானது. பிறகு அதுவும் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதே ஆட்சிதான் 2003இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2000 டிசம்பரில் கொண்டுவந்த மசோதாவில் பற்றாக்குறைக்கு 2 விழுக்காடு என்ற எண் வரம்பே இருந்தது. நாடாளுமன்றத்தைக் கடந்து வருவதற்குள் அது நீங்கிவிட்டது. எண்கள் விதிகளுக்கு ஒத்திவைக்கப்பட்டன. அந்த விதிகளை 2004 ஜூலையில் அறிவித்தது, இடையில் ஆட்சிக்கு வந்திருந்த எதிரணியான ஐக்கிய முற்போக்குக் கூட்டணி. சட்டம் ஒரு கூட்டணியுடையது, விதிகள் மற்றொரு கூட்டணியுடையவை. இரண்டு அணிகளையும் கட்டும் பொது உடன்பாடாக அது அமைந்ததை நம் ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

2007–08இல் நிதிப் பற்றாக்குறை ஏறத்தாழ 2.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. இது செலவை வெட்டிப் பெற்ற வெற்றியன்று. நான்கே ஆண்டுகளில் மத்திய வரி வருவாய் மொத்த உற்பத்தியில் 9 விழுக்காட்டிலிருந்து 12ஐ நெருங்கியது. வருவாய் பெருகும்போது எந்தத் தோழமைக் கட்சியோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கச்சா எண்ணெய் விலை ஏறியபோது நிலைமை மாறியது. விற்பனை விலையை முழுமையாக உயர்த்த இடதுசாரிகளும் தோழமைக் கட்சிகளும் இடம் தரவில்லை. எண்ணெய் நிறுவனங்களின் இழப்புக்கு ரொக்கத்துக்குப் பதில் பத்திரங்கள் தரப்பட்டன. 2008–09இல் மட்டும் அவை சுமார் 76,000 கோடி ரூபாய். ரொக்கம் கைமாறாததால் இந்தத் தொகை அவ்வாண்டின் பற்றாக்குறைக் கணக்கில் சேரவில்லை. இதை நிதிக் கட்டுப்பாடு என்று சொல்ல என்னால் இயலாது. இதை விலக்கியும்கூட, விவசாயக் கடன் தள்ளுபடி, ஆறாவது ஊதியக் குழு, உலக நெருக்கடிக்கான வரிச் சலுகைகள் சேர்ந்து அவ்வாண்டுப் பற்றாக்குறையை 6 விழுக்காட்டுக்கு ஏற்றின.

கூட்டணி அரசியலின் முழு இயக்கமும் வெளிப்பட்ட ஆண்டு 2012. மார்ச்சில் ரயில் கட்டணத்தை உயர்த்திய ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதியை அவருடைய சொந்தக் கட்சித் தலைவர் மம்தா பானர்ஜியே பதவி விலகச் செய்தார். ஆகஸ்டில் சிதம்பரம் மீண்டும் நிதியமைச்சரானார். நடவடிக்கை எடுக்காவிட்டால் பற்றாக்குறை 6.1 விழுக்காட்டைத் தொடும் என்று நிதிச் சீரமைப்புக்கான கேல்கர் குழு எச்சரித்தது. செப்டம்பரில் டீசல் லிட்டருக்கு 5 ரூபாய் உயர்ந்தது. மானிய விலை சிலிண்டர் வீட்டுக்கு ஆண்டுக்கு 6 என வரம்பு விழுந்தது. 19 உறுப்பினர்களைக் கொண்ட, மம்தாவின் திரிணமூல் காங்கிரஸ் ஆட்சியை விட்டு வெளியேறியது. திமுக அமைச்சரவையில் இருந்துகொண்டே இந்த முடிவுகளை எதிர்த்து 20ஆம் தேதி நடந்த போராட்டத்தில் கலந்துகொண்டது. அதன் பின் அரசு வழியை மாற்றியது: 2013 ஜனவரி முதல் டீசல் மாதந்தோறும் 50 காசு அளவில் ஏறியது. 5 ரூபாய்க்கு ஒரு கட்சி வெளியேறலாம். 50 காசுக்கு யாரும் வெளியேற முடியாது. சிலிண்டர் வரம்பு மட்டும் 9 ஆகி, தேர்தல் நெருங்கிய 2014 ஜனவரியில் 12 ஆனது.

2012–13இன் பற்றாக்குறை 4.9 விழுக்காட்டில் நின்றது, இலக்கு 5.1. பாராட்டப்பட்ட இந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மானியத்துக்கு ஒதுக்கியது 1.90 லட்சம் கோடி, செலவானது 2.57 லட்சம் கோடி. திட்டச் செலவுக்கு ஒதுக்கியது 5.21 லட்சம் கோடி, செலவானது 4.13 லட்சம் கோடி. மானியம் வீங்கிய அளவைக் காட்டிலும் கூடுதலாகச் சாலைக்கும் குடிநீருக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய பணம் நின்றது. துறைகளின் செலவிடும் திறன் குறைவும் ஓரளவு காரணம்தான். ஆனால் கட்டப்படாத பள்ளிக்காக எந்தக் கட்சியும் ஆதரவை விலக்கிக்கொள்ளவில்லை. 2013 மார்ச்சில் திமுக வெளியேறியதும் ஈழத் தமிழர் பிரச்சினைக்காகத்தான்.

அப்படியானால் தனிப்பெரும்பான்மை இருந்திருந்தால் விதிகள் காப்பாற்றப்பட்டிருக்குமா? வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்பது, அதாவது அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்காதிருப்பது, 2003 சட்டத்தின் உயிர்நாடி. கூட்டணி அரசுகள் அந்த இலக்கைத் தவறவிட்டன, தள்ளிப்போட்டன. ஆனாலும் சட்டத்தில் வைத்திருந்தன. மக்களவையில் ஒரே கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த 2018இல், நிதிச் சட்டத்தின் வழியே அந்த இலக்கு நீக்கப்பட்டது.