பனிமலையில் பத்து முட்கள்



வரலாறு என்றதும் முடிமன்னரும் போர்க்களமும் உடன்படிக்கைகளும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. ஆணிக்கும் வாருக்கும் கூட ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதில்லை. மனிதன் தன் கால் வழுக்காமலிருக்கச் செய்துகொண்ட முயற்சிகளைத் தொகுத்து நோக்கினால், அங்கே அறிவியல் இருக்கிறது, கைவினை இருக்கிறது, எது நேர்மையான உதவி, எது நேர்மையற்றது என்ற நெடுநாள் வழக்கும் இருக்கிறது. பனிமலை ஏறுவோர் தம் பூட்ஸின் அடியில் பூட்டிக்கொள்ளும் இரும்பு முட்சட்டத்தின் கதையையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். அதனைக் 'கிராம்பன்' என்று அழைப்பர். ஜெர்மன் மொழியில் அதற்கு வழங்கும் பெயருக்கு 'ஏறும் இரும்பு' என்பது பொருள்.

காலுக்குத் துணை தேடும் எண்ணம் நமக்குப் புதியதன்று. பனையேறும் தொழிலாளி இரு பாதங்களையும் தளைநாரால் பிணைத்துக்கொண்டு மரத்தைப் பற்றுவதை நம் சிற்றூர்களில் கண்டிருப்பீர்கள். தளைநார் அவருக்காக மரம் ஏறுவதில்லை, ஏறுபவர் அவரே. எனினும் அந்தச் சிறு வளையம் இல்லாவிடில் ஒவ்வொரு தப்படியும் அபாயமாகிவிடும். இந்த எடுத்துக்காட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நமக்கு இது பயன்படும்.

பனிநாட்டு மக்களும் இவ்வாறே தமக்கேற்ற துணையைத் தேடினர். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க நிலநூலாசிரியர் ஸ்ட்ராபோ, காக்கசஸ் மலைவாழ் மக்கள் முட்கள் பொருத்திய அகன்ற மாட்டுத்தோல் காலணிகளைக் கட்டிக்கொண்டு பனியில் ஏறினர் என்று எழுதி வைத்திருக்கிறார். 1574 ஆம் ஆண்டில் சூரிச் நகரத்து அறிஞர் யோசியாஸ் சிம்லர் ஆல்ப்ஸ் மலைகளைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். குதிரை லாடத்தைப் போன்று மூன்று கூரிய முட்களுடன் பாதத்தில் கட்டப்படும் இரும்புகளை அவர் அதில் வருணித்திருக்கிறார். அவற்றை அணிந்தவர்கள் விளையாட்டு வீரர்களல்லர். கணவாய் கடக்கும் வணிகர், வேட்டையாடுவோர், இடையர் போன்ற எளிய மக்களே தம் பிழைப்பிற்காக அவற்றைக் கட்டிக்கொண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் மலையேற்றம் ஒரு விளையாட்டாக உருவெடுத்தது. 1857 இல் இலண்டனில் ஆல்பைன் கிளப் நிறுவப்பெற்றது. வசதி படைத்த கனவான்கள் கோடைதோறும் சுவிட்சர்லாந்துக்கு வந்தனர். அவர்களுடைய பூட்ஸின் அடியில் ஆணிகள் வரிசையாக அறையப்பட்டிருக்கும். இந்த ஆணிகள் பாறைக்கும் இளகிய பனிக்கும் உதவின. இறுகிய பனிக்கட்டிச் சரிவிற்கு அவை போதவில்லை. அத்தகைய சரிவு எதிர்ப்பட்டால் பனிக்கோடரியால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு படி வெட்ட வேண்டும். வெட்டியவர் யார்? பெரும்பாலும் கூலிக்கு அமர்த்தப்பட்ட மலையூர் வழிகாட்டிகளே. பல மணி நேரம் குனிந்து நின்று நூற்றுக்கணக்கான படிகளை அவர்கள் வெட்டுவார்கள். பின்னால் வரும் கனவான் அவற்றில் காலூன்றி ஏறுவார்.

கால் வழுக்கினால் நேர்வது என்ன என்பதை 1865 ஜூலை 14 ஆம் நாள் உலகிற்குக் காட்டியது. அன்று மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக எட்டிய எழுவர், ஒரே கயிற்றில் பிணைந்து இறங்கிக்கொண்டிருந்தனர். அனுபவம் குறைந்த இளைஞரான ஹாடோ என்பவர் வழுக்கி விழுந்தார். அவருடன் மேலும் மூவர் இழுக்கப்பட்டனர். கயிறு அறுந்தது. நால்வர் மாண்டனர், எட்வர்ட் விம்பரும் இரு வழிகாட்டிகளும் மட்டுமே உயிருடன் திரும்பினர்.

இத்தகைய விபத்துகள் நேர்ந்தும், முட்சட்டத்தை ஏற்பதற்குக் கனவான்களுக்கு மனம் வரவில்லை. சிறப்பாகப் பிரிட்டிஷ் மலையேறிகளில் பலர், அது விளையாட்டின் நேர்மைக்கு முரணான செயற்கைத் துணை என்று ஒதுக்கினர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுமுன் அந்தக் கருவியின் இயக்கத்தை நாம் அறிந்துகொள்வது நலம்.

ஒருவர் தட்டையான அடியுள்ள காலணியுடன் பனிக்கட்டிச் சரிவில் நிற்பதாகக் கொள்வோம். அவருடைய எடையின் ஒரு பகுதி அவரைச் சரிவின் வழியே கீழே இழுக்கிறது. அதனைத் தடுக்கவேண்டிய உராய்வோ பனிக்கட்டியின்மீது மிகக் குறைவு; ஆகவே அவர் வழுக்குகிறார். இப்பொழுது அதே எடையைச் சில கூரிய முனைகளின்மீது செலுத்திப் பாருங்கள். பரப்புக் குறையக் குறைய அழுத்தம் மிகும் என்று பௌதிக வகுப்பில் படித்திருக்கிறீர்கள். மொட்டைக் குச்சி துளைக்காத துணியை ஊசி துளைப்பது அதனால்தான். முனைகள் பனிக்கட்டிக்குள் இறங்குகின்றன. ஒவ்வொரு முனையும் தனக்கென ஒரு சிறு குழியை ஆக்கிக்கொண்டு அதில் ஊன்றி நிற்கிறது. வழிகாட்டி கோடரியால் வெட்டிய படியை இங்கே ஏறுபவரின் உடல் எடையே வெட்டிவிடுகிறது.

இந்த உண்மையைப் பொறியியல் கண்கொண்டு நோக்கியவர் ஆஸ்கர் எக்கன்ஸ்டைன். 1859 இல் இலண்டனில் பிறந்த அவர் ஒரு ரயில்வே பொறியியலாளர். அவருடைய தந்தையார் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். 1892 இல் காரகோரம் மலைக்குச் சென்ற குழுவில் எக்கன்ஸ்டைன் இருந்தார். 1902 இல் கே-2 சிகரத்தை ஏற முயன்ற குழுவிற்கு அவரே தலைமை தாங்கினார். பழைய முட்சட்டங்களில் முட்கள் குறைவு. காலுக்குச் சரியாகப் பொருந்துவதுமில்லை. பொருந்தாத சட்டம் ஆபத்தான தருணத்தில் கழன்றுவிடும். எக்கன்ஸ்டைன் காலணி அடியின் விளிம்பை ஒட்டிப் பத்து முட்களை அமைத்தார். சட்டத்தை இரு பகுதிகளாக்கி, பாதம் வளையும் போது சட்டமும் இடம் கொடுக்குமாறு நடுவே கீல் வைத்தார். பத்து முட்களும் ஒருங்கே பதியும்படி பாதத்தைச் சரிவின்மீது தட்டையாக வைத்து நடக்கும் முறையையும் வகுத்தார். இவற்றை விளக்கி 1908 இல் ஆஸ்திரிய மலையேற்ற இதழொன்றில் கட்டுரை எழுதினார்.

எழுத்தில் இருந்ததை இரும்பில் ஆக்கித் தந்தவர் ஒரு கருமான். இத்தாலியில் மோன் பிளான் மலையடியிலுள்ள கூர்மயூர் என்னும் ஊரில் ஆன்ரி கிரிவெல் என்பவரின் உலைக்களம் இருந்தது. எக்கன்ஸ்டைனின் வரைபடத்தைக் கொண்டு 1910 ஆம் ஆண்டை ஒட்டி அங்கே பத்துமுள் சட்டங்கள் உருவாயின. பொறியியலாளர் கணக்கிட, கருமான் அடித்துக் கொடுத்தார். இருவரில் எவர் இல்லாவிடினும் இக்கருவி பிறந்திராது.

நற்கருவி பிறந்துவிட்டால் அதன் வெற்றியும் உடனே வந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். இதற்குச் சான்று 1922 ஆம் ஆண்டு எவரெஸ்ட் முயற்சி. இக்காலத்தில் முட்சட்டத்தைத் தோல்வாரால் இறுகக் கட்ட வேண்டியிருந்தது. வாரை இறுக்கினால் பாதத்தில் குருதியோட்டம் தடைப்படும். கடுங்குளிரில் குருதி குறைந்த விரல்கள் உறைந்து அழுகிவிடும். தளர்த்திக் கட்டினாலோ சட்டம் கழன்றுவிடும். ஆகவே உயர்ந்த முகாம்களில் அவற்றை அணியத் தயங்கினர். அந்த மே மாதம் 21 ஆம் நாள், மாலரி, நார்ட்டன், சாமர்வெல் மூவரும் உயிர்க்காற்றுக் கலங்களின்றியே 8,200 மீட்டருக்கு மேல் சென்றனர். அதுவரை எந்த மனிதனும் ஏறியிராத உயரம் அது. பின்னர் முகாமில் தங்கியிருந்த மோர்ஸ்ஹெட்டையும் சேர்த்துக்கொண்டு ஒரே கயிற்றில் இறங்கினர். வழியில் ஒருவரின் கால் வழுக்க, மூவர் சரிந்தனர். மாலரி கணப்பொழுதில் தம் கோடரியைப் பனியில் ஊன்றிக் கயிற்றை அதில் சுற்றிப் பிடித்திராவிடில், நால்வரும் மாட்டர்ஹார்ன் நால்வரின் கதியையே அடைந்திருப்பர்.

சாமர்வெல் என்ற பெயர் நம்மவருக்கு அந்நியமானதன்று. அறுவை மருத்துவரான அவர், அந்த ஆண்டு எவரெஸ்டிலிருந்து திரும்பியபின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூர் மருத்துவமனையில் நோயாளிகளின் பெருங்கூட்டத்தைக் கண்டு மனமிரங்கி, தம் வாழ்நாளின் பல ஆண்டுகளை அங்கே மருத்துவத் தொண்டில் கழித்தார். அன்று அந்தக் கோடரி பிடித்திராவிடில் நெய்யூருக்கு அந்த மருத்துவர் கிடைத்திருக்க மாட்டார் என்று நான் எண்ணுவதுண்டு. மாலரியோ 1924 இல் இர்வினுடன் எவரெஸ்டில் மறைந்தார். 1999 இல் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டபோது, வலக்காலில் ஆணி அறைந்த பூட்ஸ் இன்னும் இருந்தது.

பத்து முட்களுக்கும் ஓர் எல்லை உண்டு. சரிவு மிகவும் செங்குத்தானால் பாதத்தைத் தட்டையாக வைக்கக் கணுக்கால் வளையாது. இக்குறையை நீக்க, 1929 இல் ஆன்ரியின் மகன் லோரான் கிரிவெல் காலணியின் முனைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரு முட்களைச் சேர்த்தார். முட்கள் பன்னிரண்டாயின. மலையை நேர்முகமாக நோக்கி, முன்முட்களைக் குத்தி ஊன்றி, ஏணியில் ஏறுவதுபோல் ஏற முடிந்தது.

இதன் சிறப்பு 1938 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் ஐகர் வடமுகத்தில் வெளிப்பட்டது. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரமுள்ள அந்தச் சுவர் அதற்குள் எட்டு உயிர்களைப் பலிகொண்டிருந்தது. காஸ்பரெக், ஹாரர் என்ற ஆஸ்திரியர் இருவர் முன்னால் சென்றனர். காஸ்பரெக்கிடம் பத்துமுள் சட்டம் இருந்தது. ஹாரரிடம் ஆணி பூட்ஸ் மட்டுமே. பனிக்கட்டிப் பரப்பில் படி வெட்டி வெட்டி அவர்கள் மெல்ல ஏறினர். பின்னால் புறப்பட்ட ஹெக்மாயர், ஃபோர்க் என்ற ஜெர்மானியரிடம் பன்னிரண்டு முட்கள் கொண்ட புதிய சட்டங்கள் இருந்தன. அவர்கள் விரைந்து வந்து முன்னவரை எட்டிப் பிடித்தனர். ஆயினும் அவர்களைத் தாண்டி விட்டுச் சென்றார்களா? இல்லை. நால்வரும் ஒரே கயிற்றில் இணைந்தனர். ஹெக்மாயர் முன்னின்று வழிநடத்த, 24 ஆம் நாள் உச்சியை அடைந்தனர்.

அதன்பின் வந்த மாற்றங்களைச் சுருங்கக் கூறுகிறேன். 1953 மே 29 ஆம் நாள் டென்சிங்கும் ஹில்லரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது அவர்கள் பூட்ஸின் அடியில் முட்சட்டங்கள் இருந்தன. 1967 இல் அமெரிக்கரான ஷுனார்டும் ஃப்ராஸ்டும் அளவை மாற்றிக்கொள்ளத்தக்க விறைப்பான சட்டத்தை உருவாக்கினர். பின்னர், விறைத்த அடியுடைய பூட்ஸ் வந்ததும், நெம்புகோல் கொண்டு 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும் அமைப்பு வழக்கிற்கு வந்தது. 1922 இல் விரல்களை அச்சுறுத்திய தோல்வாரின் இடர் இவ்வாறு தீர்ந்தது. இன்று பனிப்பாதையில் நடக்கும் சாதாரண மக்களும், ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சிறு முட்களும் கோத்த எளிய அணியைக் காலணிமீது இழுத்து மாட்டிக்கொள்கின்றனர்.

இனி வழக்கிற்கு வருவோம். முட்சட்டத்தை எதிர்த்தவர்கள் கூறியதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பழகாதவன் கையில் எந்தக் கருவியும் பகையே. முள் கால்சட்டையில் மாட்டித் தலைகுப்புற விழுந்தவர் உண்டு. ஈரப்பனி முட்களுக்கிடையே உருண்டையாக ஒட்டிக்கொண்டால், முள் இருந்தும் இல்லாததாகிவிடும். கருவி இருக்கிறதென்ற துணிவில் தகுதிக்கு மீறிய சரிவில் கால்வைப்பதும் உண்டு. பயிற்சி இல்லாத துணிவு கேடு என்று அவர்கள் எச்சரித்திருந்தால் நான் தலைவணங்குவேன்.

ஆனால் அவர்கள் கூறியது அதுவன்று. செயற்கைத் துணை நேர்மையற்றது என்றார்கள். சரி, அவர்களுக்காகப் படி வெட்டிய வழிகாட்டியின் தோளும் கையும் துணையல்லவா? பத்து முட்களைக் கட்டிக்கொண்டு தன் எடையால் தன் படியைத் தானே ஆக்கிக்கொள்பவன், பிறர் வெட்டிய படியில் ஏறுபவனைவிடத் தன் காலையே மிகுதியாக நம்புகிறான் என்பது என் கருத்து. இரும்பின் உதவி அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது; மனிதனின் உழைப்போ பழகிப்போய்க் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. வரலாற்றில் இத்தகைய குருட்டுத்தன்மை பலமுறை நேர்ந்திருக்கிறது. புதிய கருவியைக் கண்டு முகம் சுளிப்பவர், பழைய முறையில் யாருடைய முதுகு வளைந்தது என்று கேட்பதில்லை.

மாணவர்களே, தளைநாரை நினைவில் கொள்ளச் சொன்னேன். அது மரம் ஏறுவதில்லை; முட்சட்டமும் மலை ஏறுவதில்லை. ஏறும் நெஞ்சுரமும் பயிற்சியும் உங்களுடையவை. புதிய சாதனம் ஒன்று உங்கள் முன் வந்து, அது தகுமா தகாதா என்ற வாதம் எழும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இது என் திறமைக்குத் துணை நிற்கிறதா, அல்லது திறமைக்குப் பதிலாக நிற்கிறதா? இது இல்லாத காலத்தில் இந்தச் சுமையை யார் சுமந்தார்? இவ்விரண்டிற்கும் விடை கண்டபின் தீர்ப்புக் கூறினால், உங்கள் அறிவின் கால் வழுக்காது.