செவ்ரோலெட் கோர்வேர்

செவ்ரோலெட் கோர்வேர் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1959 முதல் 1969 வரை தயாரித்த சிறிய வகை மகிழுந்து ஆகும். காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சினைப் பின்புறத்தில் கொண்டு, அந்நாட்டில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட ஒரே உள்நாட்டு மகிழுந்து இதுவே. மொத்தம் ஏறத்தாழ 18 இலட்சம் கோர்வேர்கள் தயாராகின. எனினும் விற்பனையைவிட, அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டம் உருவானதில் இதற்கு இருந்த பங்கே இதை வரலாற்றில் நிலைநிறுத்தியது.

தோற்றம்

1950களில் அமெரிக்க மகிழுந்துகள் ஆண்டுக்கு ஆண்டு நீண்டு, அகன்று, எடை கூடிக்கொண்டே வந்தன. 1958ஆம் ஆண்டின் பொருளாதாரத் தேக்கத்தின்போது பலர் சிக்கனமான சிறிய வண்டிகளை நாடினர். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற வண்டிகள் அவர்களைக் கவர்ந்தன. 1959இல் அமெரிக்காவில் விற்ற புதிய மகிழுந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இறக்குமதியானது.

இந்தப் போட்டியை எதிர்கொள்ள ஃபோர்டு நிறுவனம் ஃபால்கனையும் கிரைஸ்லர் நிறுவனம் வாலியன்டையும் உருவாக்கின. இரண்டும் எஞ்சின் முன்புறம் அமைந்த வழக்கமான வண்டிகள். செவ்ரோலெட் பிரிவின் பொது மேலாளரும் பொறியாளருமான எட் கோல் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். அவரது முயற்சியில் உருவான கோர்வேர் 1959 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்தது.

வடிவமைப்பு

கோர்வேரின் எஞ்சின் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அதன் ஆறு சிலிண்டர்களும் பக்கத்திற்கு மூன்றாக எதிரெதிரே கிடைமட்டமாக அமைந்திருந்தன. 2.3 லிட்டர் கொள்ளளவு கொண்ட இதன் தொடக்க ஆற்றல் 80 குதிரைத்திறன். ரேடியேட்டரும் தண்ணீரும் இதற்குத் தேவையில்லை. எஞ்சினும் கியர்பெட்டியும் பின்னால் இருந்ததால் உட்புறத் தரை ஏறக்குறைய சமதளமாக அமைந்தது. பெட்டிகளை வைக்கும் இடம் முன்புறத்தில் இருந்தது.

ஆனால் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு பின்சக்கரங்களின் மீது விழுந்தது. பின்சக்கரங்களைத் தாங்கிய அச்சு இரு பாதிகளாக இருந்தது. ஒவ்வொரு பாதியும் உள்முனையில் மட்டுமே மடங்கும் தன்மையுடையது. ஆகவே அச்சு மேலும் கீழும் அசையும்போது சக்கரமும் சேர்ந்து சாய்ந்தது. வேகமான வளைவில் வண்டியின் பின்பகுதி மேலே எழும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிப் பிடிப்பை இழக்கக்கூடும்.

வளைவுகளில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன்புற எஃகுத் தண்டு ஒன்றைப் பொருத்தினால் இந்த அபாயம் குறையும். செலவைக் கட்டுப்படுத்த, தொடக்கத்தில் அது தவிர்க்கப்பட்டது. அதற்கு மாற்றாக முன் டயர்களில் 15 பி.எஸ்.ஐ., பின் டயர்களில் 26 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைக்குமாறு நிறுவனம் பரிந்துரைத்தது. முன்னும் பின்னும் ஒரே அளவு காற்றடித்துப் பழகிய ஓட்டுநர்களும் பழுதுபார்ப்போரும் இதைப் பெரும்பாலும் கவனிக்கவில்லை.

விற்பனையும் திருத்தங்களும்

முதல் ஆண்டில் ஃபால்கன் கோர்வேரை எளிதாக முந்தியது. 1960இல் அறிமுகமான மோன்சா என்ற விளையாட்டுப் பாணி வகை நிலைமையை மாற்றியது. தனித்தனி முன் இருக்கைகள் கொண்ட அது இளைஞர்களிடையே புகழ்பெற்றது. அதன் வெற்றி, 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வெளிவரத் தூண்டுதலாக அமைந்த காரணங்களுள் ஒன்று.

1964ஆம் ஆண்டு மாதிரியில் முன்புறத் தண்டு எல்லா வண்டிகளிலும் பொருத்தப்பட்டது. பின்புறத்தில் குறுக்குப் பட்டை வில் ஒன்றும் சேர்க்கப்பட்டது. 1965ஆம் ஆண்டு மாதிரியில் பின் சஸ்பென்ஷன் முழுவதும் புதிதாக வடிவமைக்கப்பட்டு, சக்கரம் மடங்கும் குறை நீங்கியது.

நேடரின் நூலும் சட்டமும்

1965 நவம்பரில் வழக்கறிஞர் ரால்ஃப் நேடரின் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ என்ற நூல் வெளியானது. வாகன நிறுவனங்கள் தோற்றத்திற்கும் இலாபத்திற்கும் தரும் முதன்மையைப் பாதுகாப்பிற்குத் தருவதில்லை என்பது அதன் மையக் குற்றச்சாட்டு. அதன் முதல் அத்தியாயம் 1960 முதல் 1963 வரையிலான கோர்வேர்களைப் பற்றியது.

ஜெனரல் மோட்டார்ஸ் நேடரின் தனிவாழ்வைத் துருவத் துப்பறிவாளர்களை அமர்த்தியது. இது வெளிப்பட்டதும், 1966 மார்ச் 22 அன்று நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச், ஆபிரகாம் ரிபிகாஃப் தலைமையிலான செனட் துணைக்குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார். நேடர் தொடுத்த வழக்கு 1970இல் 4,25,000 டாலர் இழப்பீட்டுடன் சமரசமாக முடிந்தது.

மன்னிப்புக் கோரல் நூலுக்கு நாடளாவிய கவனத்தைத் தந்தது. 1966 செப்டம்பர் 9 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். புதிய வாகனங்களுக்குப் பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் அதிகாரம் நடுவண் அரசுக்குக் கிடைத்தது.

முடிவும் மதிப்பீடும்

1965ஆம் ஆண்டு மாதிரியில் ஏறத்தாழ 2,35,000 கோர்வேர்கள் தயாராயின. அடுத்த ஆண்டு அது ஏறத்தாழ 1,03,000 ஆகவும், 1969இல் 6,000 ஆகவும் சரிந்தது. நேடரின் நூல் மட்டுமே இதற்குக் காரணமன்று. மஸ்டாங்கின் போட்டியும், செவ்ரோலெட்டே 1967ஆம் ஆண்டு மாதிரியாகக் கொண்டுவந்த கமேரோவும் வாங்குவோரை ஈர்த்துக்கொண்டன. 1969 மே மாதத்தில் உற்பத்தி நின்றது.

தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1963ஆம் ஆண்டு கோர்வேரைச் சமகாலச் சிறிய வண்டிகளுடன் ஒப்பிட்டுச் சோதித்து, அறிக்கையை 1972இல் வெளியிட்டது. கட்டுப்பாட்டை இழக்கும் வாய்ப்பு மற்ற வண்டிகளைவிட இதில் அதிகம் இல்லை என்பது அதன் முடிவு. நேடர் அம்முடிவை ஏற்கவில்லை.

ஆக, நூல் வெளிவந்தபோது அது சுட்டிய குறை புதிய கோர்வேர்களில் நீக்கப்பட்டிருந்தது. பழைய வண்டிகளும் பிற்காலச் சோதனையில் தேறின. ஆயினும் அந்த விவாதம் எழுப்பிய கேள்வி ஒரு வண்டியோடு நிற்கவில்லை. அதுவரை விபத்து என்றால் ஓட்டுநரின் தவறு என்றே பெரும்பாலும் கருதப்பட்டது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், வண்டியை வடிவமைத்தவர்களும் பாதுகாப்பிற்குப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.