நோக்க அறிக்கை: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை

ஒரு நிறுவனம் எதற்காக இயங்குகிறது என்பதைச் சொல்வது மிஷன் எனப்படும் நோக்க அறிக்கை; எந்த நிலையை எட்ட விரும்புகிறது என்பதைச் சொல்வது விஷன் எனப்படும் தொலைநோக்கு. அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் 1943இல் எழுதிய கொள்கை உரை இவ்வகையில் மூத்தவற்றுள் ஒன்று. மதுரையின் ஹார்வி மில்லும், 1911இல் தோன்றிய டி.வி.எஸ். நிறுவனமும் இவ்வழக்கம் பரவுமுன்பே வளர்ந்தவை.

மதுரையில் இவ்வகைக்குச் சிறந்த சான்று அரவிந்த் கண் மருத்துவமனை. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றதும் 1976இல் 11 படுக்கைகளுடன் இதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் அவர் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களைக் கத்தி பிடிக்கப் பழக்கி, பல்லாயிரம் பேருக்குக் கண்புரை நீக்கினார்.

தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதே மருத்துவமனையின் நோக்கம். ‘தவிர்க்கக்கூடிய’ என்னும் வரையறையே இதற்கு உயிர். இந்தியாவில் பார்வையிழப்புக்குப் பெருங்காரணம் கண்புரை; அறுவை சிகிச்சையால் அது தீரும். ஆகவே வருகிறவரைக் கவனித்தால் மட்டும் போதாது, வராதவரையும் தேடிப் போக வேண்டியதாயிற்று. ஊர் ஊராகக் கண் முகாம் நடந்தது. பணம் கட்டுவோரின் கட்டணம் இலவச சிகிச்சையைத் தாங்கியது. இரு பிரிவினருக்கும் அறுவை செய்தவர்கள் அதே மருத்துவர்களே. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து கண் பரிசோதனையிலும் அறுவை அரங்கிலும் அமர்த்தினர். அரங்கில் மருத்துவருக்கு இருபுறமும் மேசைகள். ஒரு மேசையில் சிகிச்சை முடியும்போது மறு மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார்.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மேலாண்மை எழுத்தாளர்கள், வெங்கடசாமியே எடுத்துக்காட்டிய, எங்கும் ஒரே சீரான முறையில் இயங்கும் மெக்டொனால்ட்ஸ் உணவகத்தைச் சுட்டுவர். மருத்துவமனைக்குப் பெயர் தந்த ஸ்ரீஅரவிந்தரின் ஆன்மிகத்தையே அடிப்படையாகக் கொள்வோரும் உளர். இரண்டுக்கும் இடமிருந்ததாகத் தோன்றுகிறது. நோக்க வாசகம் தொடக்கத்திலேயே இன்றைய வடிவில் இருந்ததா என்பதும் உறுதியாகச் சொல்லக்கூடியதன்று.

1992இல் தொடங்கிய ஆரோலேப் என்னும் லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் இந்த நோக்கத்தின் முக்கியமான கிளை. அதுவரை ஏழைகளுக்குப் புரை நீக்கியபின் கிடைத்தது பெரும்பாலும் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது கீழே விழுந்து உடைந்தால் பார்வையும் போனதுபோலத்தான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து சுமார் 100 டாலருக்கு வந்துகொண்டிருந்தது. மதுரையிலேயே செய்யத் தொடங்கியதும் விலை ஏறத்தாழ 10 டாலருக்கு இறங்கியது. ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1993இல் இம்மருத்துவமனையைப் பாடமாக்கியது.

தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய இடங்களில் கிளைகள் எழுந்தன. வெங்கடசாமி 2006இல் காலமானார். 2017இல் சென்னைக் கிளை வந்தது. இதற்கிடையே, சிகிச்சை தேவைப்பட்டோரில் மிகச் சிலரே முகாம்களுக்கு வருவது ஆய்வில் தெரிந்த பின், சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் அமைக்கப்பட்டன. அங்கே பணியாளர் கண்ணைச் சோதிக்க, இணையவழியில் மருத்துவர் ஆலோசனை சொல்கிறார்.