அவசரத்தில் அடைத்த கோயில்கள்: செலவு எவ்வளவு?

ஒரு கட்டடத்தை அவசரமாக அடைத்துக் காக்க என்ன செலவாகும்? பலகை, ஆணி, தச்சர் கூலி, ராத்திரி வேலை என்றால் கூடுதல் கூலி... இதுதான் இன்றைய கணக்கு. பழைய கோயில்களின் கணக்கே வேறு!

1323-ல் டெல்லிப் படை வந்தபோது, திருவரங்கத்து மூலவரைக் கல்சுவர் எழுப்பி மறைத்தார்கள் என்கிறது வைணவ மரபு. சுவருக்குக் கல்லும் சுண்ணாம்பும் போதும். உற்சவரைத் தூக்கிச் சென்றதில்தான் செலவு ஏறியது. கூடப் போன பிள்ளை லோகாசாரியர் வழியிலேயே காலமானார். பெருமாள் திரும்பியது 1371-ல்.

காஞ்சிபுரத்துக்கு இந்த நெருக்கடி 1688-ல் வந்தது. முகலாயப் படைக்கு அஞ்சி, வரதராஜரைப் பிணம்போல மூடி உடையார்பாளையம் கொண்டுபோனார்களாம். (பெருமாள் ஊரைவிட்டுக் கிளம்பி ஓர் இரவு தங்கிய 'ஓரிருக்கை'தான் பக்கத்து ஓரிக்கை என்பது திருமழிசை ஆழ்வார் கதை. அதில் சீக்கிரமே திரும்பிவிட்டார்!)

இங்கே 22 வருடம் ஆனது. ஆபத்து நீங்கிய பிறகும் உடையார்பாளையத்து பாளையக்காரருக்குத் திருப்பித் தர மனமில்லை. தூக்குக் கூலியைவிட மீட்புச் செலவு பெரிதானது இப்படித்தான். ஆத்தான் ஜீயர் கேட்டுக்கொள்ள, லாலா தோடர்மால் படையோடு போய் மிரட்டி மீட்டு வந்தார். 1710-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. தோடர்மாலின் சிலையும் கோயிலில் இருக்கிறது.

பங்காரு காமாட்சியோ திரும்பவே இல்லை. தஞ்சாவூர் மேல ராஜ வீதியில் தனிக்கோயில் கொண்டுவிட்டாள். அவளுக்குப் பூசை செய்த குடும்பத்தில் பிறந்தவர்தான் சியாமா சாஸ்திரி.